படித்தால் புரிகிறது, எழுதத்தான் வரவில்லை என்பவர்களுக்கு

ஆங்கிலக் கட்டுரையைப் படித்தால் புரிகிறது. எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. இடைநிலையில் நிற்பவர்கள் பலருக்கும் இதே குறைதான். இன்னொரு இலக்கண நூல் வாங்கிப் பயனில்லை. படித்ததை மறுபடி எழுதிப் பாருங்கள். பெஞ்சமின் பிராங்க்ளின் சிறுவயதில் 'ஸ்பெக்டேட்டர்' என்ற லண்டன் இதழின் கட்டுரைகளை வைத்து இப்படித்தான் எழுதப் பழகினார்.

பத்தாம் வகுப்பு என்சிஇஆர்டி சமூக அறிவியல் புத்தகம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் நூறு சொல் அளவுக்கு ஒரு பத்தி எடுங்கள். ஐந்து சொல்லுக்கு மேல் தெரியாவிட்டால் வேறு பத்திக்குப் போங்கள். வாக்கியத்துக்கு இரண்டு மூன்று சொல்லாகத் தமிழில் குறிப்பெடுத்துவிட்டுப் புத்தகத்தை மூடுங்கள். குறிப்பு ஆங்கிலத்தில் இருந்தால் மனப்பாடம்தான் வேலை செய்யும். இரண்டு நாள் கழித்து, குறிப்பை மட்டும் பார்த்து ஆங்கிலத்தில் எழுதி, மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள்.

'டிஸ்கஸ்டு அபவுட் தி பிராப்ளம்' என்று எழுதியிருப்பீர்கள். மூலத்தில் 'அபவுட்' இருக்காது. தமிழில் ஒன்றைப் பற்றிப் பேசுகிறோம் அல்லவா, அந்தப் 'பற்றி' கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. 'டூ எ மிஸ்டேக்' என்பதும் அப்படித்தான். நமக்கு 'செய்' ஒன்றே போதும். ஆங்கிலத்தில் தவறுக்கு 'மேக்', வீட்டுப்பாடத்துக்கு 'டூ'. எல்லாவற்றையும்விட அதிகம் விடுபடுவது 'தி'. 'அந்த' போட்டுப் படித்துப் பொருந்தினால் பெரும்பாலும் அங்கே 'தி' வரும். 'தி சன்' போன்றவை இதில் அடங்கா. தனியாக நினைவில் வையுங்கள்.

ஒரு தடவைக்கு மூன்று பிழை போதும். அவற்றை நோட்டில் குறித்து, ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதுங்கள். வாரம் மூன்று பத்தி தாராளம்.

கல்லூரிக் கட்டுரை எழுதுபவர்களுக்கு மொழியியலாளர் அவெரில் காக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட அகாடமிக் வேர்டு லிஸ்ட் என்ற கல்விசார் சொற்பட்டியல் பெரிய துணை, 570 சொற்குடும்பங்கள் (ஒரே வேரிலிருந்து வரும் சொற்களின் தொகுப்புகள்). தனிச்சொல்லாக உருப்போடாமல் 'கண்டக்ட் எ சர்வே' என்று ஜோடியாகவே எழுதிப் பழகுங்கள்.

பேச்சுக்கும் அதே பத்தியை வாய்விட்டுப் படிக்கலாம். தமிழ்போல எல்லா அசையையும் ஒரே அழுத்தத்தில் சொன்னால் கேட்பவருக்குச் சொல் பிடிபடாது. 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் முதல் அசையில் அழுத்தம். 'ஃபோட்டோகிராஃபர்' ஆனதும் அது இரண்டாம் அசைக்கு நகர்ந்துவிடும். இரண்டையும் அகராதிச் செயலியில் கேட்டு, உங்கள் குரலைப் போனில் பதிவு செய்து, ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக் கேளுங்கள்.