கருகிய பிளக்கை வைத்து ஒரு வகுப்பு: தொழிற்கல்வி மாணவர்களுக்குப் பாடம் எடுப்பது எப்படி?

தொழிற்கல்வி வகுப்பில் புதிதாகப் பாடம் எடுக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வயரிங், கணக்குப்பதிவு, செவிலியர் பயிற்சி, மோட்டார் மெக்கானிக் எதுவாக இருந்தாலும் சரி, எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் மனதில் ஓடுவது ஒரே கேள்விதான்: இது எனக்கு வேலையில் எங்கே வரும்? முதல் பத்து நிமிடத்தில் அதற்குப் பதில் கிடைக்கவில்லை என்றால் கண் செருக ஆரம்பித்துவிடும்.

நானும் ஆரம்பத்தில் வழக்கமான ஆள்தான். போர்டில் ஓம் விதி, அதற்குக் கீழே மூன்று கணக்கு, கடைசியில் மணி அடிக்கப் போகும் நேரத்தில் அவசர அவசரமாக ஒரு உதாரணம். இந்த வரிசையைத் தலைகீழாகப் புரட்டியதுதான் நான் செய்த ஒரே பெரிய மாற்றம், மற்றதெல்லாம் அதன் பின்னாலேயே வந்துவிட்டன. பொதுவாகப் பேசினால் காற்றில் போய்விடும் என்பதால் ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு, அதை எப்படித் தயார் செய்து நடத்துவது என்று படிப்படியாகச் சொல்கிறேன். பாடம்: லூஸ் கனெக்‌ஷன் ஏன் சூடாகிறது.

படி 1: வகுப்பு முடியும்போது கை என்ன செய்ய வேண்டும்?

சிலபஸில் 'மின்தடை, வெப்ப விளைவு' என்று இருக்கும். அதை அப்படியே எடுத்துக்கொண்டு உட்காராதீர்கள். ஒரு தாளில் ஒரு வரி எழுதுங்கள், அதில் 'புரிந்துகொள்வார்', 'அறிவார்' போன்ற சொற்களுக்கு இடமில்லை. நான் எழுதியது: 'கருகிய பிளக்கைப் பார்த்துக் காரணம் சொல்லி, புதியதை மாட்டி, ஸ்க்ரூ இறுகியிருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பார்.' கண்ணால் பார்த்துச் சரி, தப்பு என்று சொல்ல முடிகிற வரியாக இருந்தால் போதும்.

படி 2: பழுதான பொருளைத் தேடுங்கள்

புதுப் பொருளைக் காட்டினால் மாணவர் தலையாட்டுவார், பழுதானதைக் காட்டினால் கையை நீட்டுவார். கருகிய பிளக், தேய்ந்த பிரேக் பேட், கூட்டுத்தொகை இடிக்கிற லெட்ஜர் பக்கம், ஏதோ ஒன்று. பழுது என்றாலே அதற்குள் ஒரு 'ஏன்' ஒளிந்திருக்கிறது, அதைக் கிளப்ப நீங்கள் தனியாகப் பாடுபட வேண்டியதில்லை.

செவிலியர் பயிற்சி என்றால் சலைன் செட்டின் உறையே போதும். 500 மில்லி மருந்தை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? கணக்கைக் கொடுத்துவிட்டு இரண்டு பெஞ்சுகளுக்கு இரண்டு விதமான உறையைக் கொடுங்கள். ஒன்றில் மில்லிக்கு 20 சொட்டு என்று அச்சிட்டிருக்கும், இன்னொன்றில் 15. முதல் பெஞ்சுக்கு ஏறக்குறைய 42 வரும், அடுத்த பெஞ்சுக்கு 31. இரண்டு பெஞ்சும் 'எங்கள் விடைதான் சரி' என்று சண்டை போட்டுவிட்டுக் கடைசியில் உறையைத் திருப்பிப் பார்ப்பார்கள் பாருங்கள், அதற்கப்புறம் உறையைப் பார்க்காமல் கணக்குப் போடுவார்களா?

ஒரு எச்சரிக்கை. மின்சாதனமாக இருந்தால் வயரை வெட்டி எடுத்த பிறகுதான் வகுப்புக்குள் வர வேண்டும். பில், மருத்துவச் சீட்டு, சம்பளப் பட்டியல் என்றால் பெயர், எண் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் பிரதி எடுங்கள்.

படி 3: கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடுங்கள்

எளிதாகத் தோன்றும், ஆனால் எனக்குக் கைவர ரொம்ப நாள் ஆனது. பிளக்கை ஒரு சுற்று விடுவேன். மோந்து பார்ப்பார்கள், நகத்தால் சுரண்டுவார்கள். பிளக்கின் பின்களில் ஒன்று மட்டும் கறுத்திருப்பதை யாராவது கவனிப்பார்கள். அப்புறம் கேட்பேன்: "இவ்வளவு கருகியிருக்கிறதே, ஃபியூஸ் ஏன் போகவில்லை?"

அமைதி. அந்த அமைதியில்தான் ஆசிரியருக்கு வேர்த்துவிடும், உடனே தானே பதிலைச் சொல்லிவிடுவார். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் இதை வகுப்புகளில் அளந்து பார்த்திருக்கிறார்: ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடி அளவுதான் காத்திருந்தார்கள், அதை மூன்று நொடி ஆக்கியதும் பதில்கள் நீண்டன, வாயே திறக்காதவர்களும் பேசினார்கள். நான் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுவேன்.

"ஃபியூஸ் பழுதா இருக்கும் சார்" என்று ஒருவர் சொல்வார். "ஷார்ட் சர்க்யூட்" என்று இன்னொருவர். தப்பு என்று சொல்லாமல் எல்லாவற்றையும் போர்டில் எழுதுங்கள். தன் ஊகம் போர்டில் தொங்கிக்கொண்டிருந்தால் ஆள் தூங்கமாட்டார்.

படி 4: இப்போது தியரி, அளவாக

இந்த இடத்தில்தான் சூத்திரம் வர வேண்டும். 230 வோல்ட்டில் 2000 வாட் ஹீட்டர் ஓடினால் கரன்ட் சுமார் 8.7 ஆம்ப். ஸ்க்ரூ தளர்ந்து, தொடும் பரப்பு குறைந்து, அந்த ஒரு புள்ளியில் அரை ஓம் ரெசிஸ்டன்ஸ் (மின்தடை) ஏறிவிட்டது என்று வையுங்கள். கரன்ட்டின் வர்க்கத்தை ரெசிஸ்டன்ஸால் பெருக்கினால் ஏறக்குறைய 38 வாட். சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதாவது பிளக்குக்குள் ஒரு சால்டரிங் அயர்னை விடப் பெரிய சூட்டை ஒளித்துவைத்திருக்கிறோம். சூட்டில் உலோகம் ஆக்ஸிஜனோடு சேர்ந்து கறுக்கும், சாக்கெட் ஸ்பிரிங் தளரும், ரெசிஸ்டன்ஸ் இன்னும் ஏறும், சூடும் ஏறும்.

ஃபியூஸ் ஏன் போகவில்லை? கரன்ட் அதிகமாகவே இல்லையே! ஃபியூஸுக்குத் தெரிவது கரன்ட் மட்டும்தான், பிளக்கின் சூடு அதற்குத் தெரியாது. ஒருமுறை கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி, "அரை ஓம் கூடினா கரன்ட் குறையணுமே, அப்புறம் எப்படி 8.7?" என்று மடக்கினார். சரிதான், துல்லியமாகப் போட்டால் 8.5 ஆம்ப் அளவுக்கு இறங்கி 36 வாட் சொச்சம்தான் வரும். அதை அவரையே போர்டுக்கு வந்து போடச் சொன்னேன். அன்றைக்கு என்னை விட அவர்தான் நன்றாகப் பாடம் எடுத்தார்.

படி 5: செய்து காட்டுவதில் நான்கு சுற்று

புதுப் பிளக்கை மாட்டுவதைக் காட்டும்போது நான் பின்பற்றுவது பெய்ட்டன் முறை. 1998இல் மருத்துவப் பயிற்சிக்காகச் சொல்லப்பட்டது, எந்தக் கைவேலைக்கும் பொருந்துகிறது. முதல் சுற்றில் பேசாமல், வேலையின் வேகத்திலேயே செய்து காட்டுங்கள். இரண்டாம் சுற்றில் மெதுவாக, ஒவ்வொன்றையும் விளக்கிக்கொண்டே. மூன்றாவதில் மாணவர் வாயால் சொல்ல வேண்டும், நீங்கள் அவர் சொன்னதை மட்டும் செய்ய வேண்டும். நான்காவதில் அவரே சொல்லிக்கொண்டு செய்வார்.

பலர் மூன்றாவதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், விஷயமே அதில்தான் இருக்கிறது. "வயரை உள்ளே விடுங்க, ஸ்க்ரூவை முறுக்குங்க" என்பார். நான் இன்சுலேஷனை உரிக்காமலேயே விட்டு முறுக்குவேன், அவர்தான் உரிக்கச் சொல்லவில்லையே. வகுப்பு சிரிக்கும். "ஐயோ, முதல்ல உரிக்கணும் சார்!" எந்த இடத்தில் அவர் மனதில் ஓட்டை இருக்கிறது என்பது பொருளுக்கும் கைக்கும் சேதமில்லாமல் வெளியே வந்துவிடும்.

படி 6: முறையை மாற்றுங்கள், ஆனால் காரணத்தோடு

ஒரே குரலில் ஒரு மணி நேரம் போனால் யாருக்கும் சலிக்கும். அதற்காகப் பத்து நிமிடத்துக்கு ஒரு வித்தை காட்ட வேண்டும் என்று இல்லை. வேலை எதைக் கேட்கிறதோ அந்த முறை. கைவேலை என்றால் செய்துகாட்டல், பழுது கண்டுபிடிப்பது என்றால் ஜோடியாக உட்கார்ந்து விவாதம், வாடிக்கையாளரிடம் பேசுவது என்றால் நடித்துப் பார்ப்பது. எங்கள் பாடத்தில் ஒருவர் வாடிக்கையாளராகி, "ஃபியூஸே போகல, அப்புறம் எதுக்குப் பிளக்கை மாத்தணும்?" என்று முரண்டு பிடிப்பார், இன்னொருவர் ஓம், ஆம்ப் எதையும் சொல்லாமல் அவரை ஒத்துக்கொள்ள வைக்க வேண்டும். நன்றாகப் படிக்கிறவர்கள் திணறுவதும், வாயாடிகள் ஜொலிப்பதும் இங்கேதான்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். 'இவர் பார்த்துக் கற்பவர், அவர் கேட்டுக் கற்பவர்' என்று மாணவர்களைப் பிரிக்கச் சொல்வார்கள், நம்பாதீர்கள். அப்படிப் பிரித்து அவரவர் பாணியில் நடத்தினால் நன்றாகக் கற்கிறார்கள் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2008இல் உளவியல் ஆய்வாளர்கள் அலசிச் சொல்லியாயிற்று. 'படித்ததில் 10 சதவீதம், செய்ததில் 90 சதவீதம் நினைவில் நிற்கும்' என்று ஒரு பிரமிட் படம் சுற்றிக்கொண்டிருக்கிறதே, அதுவும் அப்படித்தான். எட்கர் டேல் 1946இல் வெளியிட்ட கூம்பில் சதவீதமே கிடையாது, பிறகு யாரோ ஒட்டவைத்தது.

படி 7: இரண்டாவது உதாரணம், கட்டாயம்

ஒரு உதாரணத்தோடு நிறுத்தினால் மாணவர் அந்த உதாரணத்தை மட்டும் கற்றுக்கொள்வார். எனக்கு இது பட்டுத் தெரிந்தது. ஒரு வருடம் லூஸ் கனெக்‌ஷனால் தீப்பிடித்த கதை ஒன்றை உணர்ச்சியோடு சொன்னேன், வகுப்பே மூச்சுவிடாமல் கேட்டது. தேர்வுத்தாளில் பார்த்தால் எல்லோரும் தீயைப் பற்றி எழுதியிருந்தார்கள், ரெசிஸ்டன்ஸ் என்ற சொல் மூன்று தாளில்தான் இருந்தது. கதை பாடத்தைத் தின்றுவிட்டது.

மேரி கிக், கீத் ஹோலியோக் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 1980களின் தொடக்கத்தில் நடத்திய ஆய்வுகள் இதைத்தான் காட்டுகின்றன: ஒரு கதையைப் படித்தவர்கள், அதே தீர்வு தேவைப்படும் வேறொரு சிக்கலைக் கொடுத்தபோது பெரும்பாலும் தாங்களாக அதைப் பொருத்திப் பார்க்கவில்லை. இரண்டு கதைகளை ஒப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு அது எளிதாக வந்தது.

அதனால் பிளக் முடிந்ததும் வண்டி பேட்டரியின் பூத்துப்போன டெர்மினலை மேசையில் வைப்பேன். ஹாரன் அடிக்கிறது, லைட் எரிகிறது, ஸ்டார்ட் மட்டும் ஆகவில்லை. ஏன்? டெர்மினலில் 0.05 ஓம் ஏறியிருக்கிறது என்று கொள்ளுங்கள். லைட்டுக்கு 5 ஆம்ப் போனால் இழப்பு கால் வோல்ட், கண்ணுக்கே தெரியாது. ஸ்டார்ட்டர் மோட்டார் 100 ஆம்ப் இழுத்தால் 5 வோல்ட் அங்கேயே போய்விடும், 12இல் மிச்சம் 7. 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பிளக்கில் சூடு, இங்கே வோல்ட்டேஜ் இழப்பு, இரண்டுக்கும் பொதுவானது என்ன என்று அவர்களையே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லிவிட்டால் அந்த வரிக்கு மதிப்பில்லை.

படி 8: அடுத்த வகுப்பின் முதல் ஐந்து நிமிடம்

புத்தகத்தை மூடிவைத்து, போன வகுப்பில் நடந்ததை எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண் வேண்டாம். ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2006இல் செய்த சோதனையில், படித்ததையே திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முன்னணியில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியவர்கள் தாண்டிப் போயிருந்தார்கள்.

நான் கேட்பது ஒரே கேள்விதான். ஒரு சுவிட்ச் போர்டைக் காட்டி, "ஏசி போட்டால் மட்டும் இந்த சுவிட்ச் சுடுகிறது, ஃபேன் போட்டால் சுடவில்லை. எங்கே முதலில் கை வைப்பீர்கள்?" யாராவது ஒருவர், "முதல்ல மெயினை ஆஃப் பண்ணணும் சார்" என்று ஆரம்பித்தால், மீதியைக் கேட்க நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வேன்.