ரத்தம் ஏற்றும் அவசரத்தில் விட்டுப்போகும் விஷயங்கள்

ஹீமோகுளோபின் 5 என்று ரிப்போர்ட் வந்ததும் வீடே பதறி, ரத்தம் கொடுக்க ஆள் தேடி ஓடும். அந்த ஓட்டத்தில் விட்டுப்போவது, சோகைக்குக் காரணம் தேடும் பரிசோதனைகள். ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), பி12, ஃபோலிக் அமிலம், ஸ்மியர் (ரத்த அணுக்களை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது), ஹெச்பிஎல்சி (ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்ப்பது) எல்லாவற்றுக்கும் ரத்தம் ஏற்றுவதற்கு முன்பே மாதிரி எடுத்துவிட வேண்டும். ஏற்றிய பிறகு எடுத்தால், கொடுத்தவரின் சிவப்பணுக்களும் சேர்ந்தே ரிப்போர்ட்டில் வரும். ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை நோயான தலசீமியா இருந்தால்கூட மறைந்துபோகலாம். தெளிவாகப் பார்க்க சுமார் 3 மாதம் பொறுக்க வேண்டியிருக்கும். சர்க்கரைக்குப் பார்க்கும் ஹெச்பிஏ1சி அளவையும் அதுவரை நம்ப முடியாது.

அடுத்தது, எண் ஏறியதும் இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்துவது. பெரியவர்களுக்கு ஒரு யூனிட் (ஒரு பை) ஏற்றினால் ஹீமோகுளோபின் ஏறக்குறைய 1 கிராம் கூடும். அதில் இருக்கும் இரும்பு 200 முதல் 250 மில்லிகிராம்தான். கடுமையான இரும்புக் குறைபாட்டில் பற்றாக்குறை 1000 மில்லிகிராமையும் தாண்டும். அந்தக் கொஞ்சமும் ஏற்றிய அணுக்கள் ஆயுள் முடிந்து அழியும்போதுதான் உடலுக்குக் கிடைக்கும். அதிக மாதவிடாயோ மூலமோ காரணமென்றால், அதற்கு வைத்தியம் பார்க்காதவரை எண் மறுபடி இறங்கும்.

அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியாக்காரர்களுக்குக் கதையே வேறு. கூடுதல் இரும்பை வெளியேற்ற உடலுக்கு வழி இல்லை. 10, 20 யூனிட் ஏற்றியதும் அது கல்லீரலிலும், போகப்போக இதயத்திலும் படியத் தொடங்கிவிடும். அவர்களுக்குச் சோகைதானே என்று இரும்பு மாத்திரை கொடுப்பது பெரிய தவறு.

சேமித்த ரத்தத்தில் பொட்டாசியம் அதிகம் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. நாள்பட்ட பையில் அணுக்களிலிருந்து பொட்டாசியம் கசிவது உண்மைதான். ஆனால் சிறுநீரகம் நன்றாக இருக்கும் பெரியவருக்கு, மெதுவாக ஏறும் ஒரு யூனிட்டால் பெரிய மாற்றம் வராது. சிறுநீரகக் கோளாறு, பச்சைக் குழந்தை, நிறைய யூனிட்டை வேகமாக ஏற்றுவது, இவற்றில்தான் கவனம் வேண்டும். ரத்தம் உறையாமலிருக்கப் பையில் சேர்க்கும் சிட்ரேட், உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். வேகமாக ஏறும்போது உதடு மரத்துப்போனால் அது கால்சியம் குறைவதன் அறிகுறியாக இருக்கலாம், உடனே நர்ஸிடம் சொல்லுங்கள்.

சீக்கிரம் முடியட்டும் என்று ட்ரிப்ஸ் சக்கரத்தை நீங்களே திருப்பாதீர்கள். ஒரு பையை 4 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும்தான். அந்தக் கணக்கை நர்ஸ் பார்த்துக்கொள்வார். நெடுநாள் சோகையில் இருக்கும் முதியவருக்கு வேகமாக ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு வாங்கும்.