அப்பாயி சொன்ன ஊரை எப்படிக் கண்டுபிடிக்கிறது? அரியலூர் மாவட்டத்தை வச்சு ஒரு செய்முறை

வணக்கம் மக்களே. மலேசியாவுல பேராக் மாநிலத்துல எங்க சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல பொறந்து வளர்ந்தவங்ககிட்ட உங்க பூர்வீகம் எதுன்னு கேட்டா முக்கால்வாசி பேரு "திருச்சி பக்கம்", "சேலம் பக்கம்", "தஞ்சாவூர் பக்கம்"னு சொல்லிட்டு நிறுத்திடுவாங்க. அந்த "பக்கம்"ங்கற ஒரு வார்த்தைக்குள்ள ஆயிரக்கணக்கான கிராமம் இருக்கு. நானும் ரொம்ப வருசமா அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன். எங்க அப்பாயி போனதுக்கப்புறம் அலமாரி லாச்சியை (இழுப்பறையை) ஒதுக்கும்போது ஒரு பழைய மைலோ டின் கிடைச்சுது, உள்ள ஊருலேருந்து வந்த ரெண்டு கடுதாசி. அதை வச்சு அவங்க ஊரைக் கண்டுபிடிக்க எனக்கு கிட்டத்தட்ட ஒரு வருசம் ஆச்சு. வழி தெரிஞ்சிருந்தா ரெண்டு வாரத்துல முடிஞ்சிருக்கும், அதனாலதான் இதை எழுதறேன்.

உதாரணத்துக்கு எங்க ஊரு இருக்கற அரியலூர் மாவட்டத்தையே எடுத்துக்கறேன். ஊர் பேரை மட்டும் எழுதல, சின்ன ஊரு, அங்க இருக்கறவங்களுக்கு தொந்தரவு ஆகிடக்கூடாது.

முதல் வேலை: மாவட்டத்தை விடுங்க, வட்டத்தைப் பிடிங்க

பழைய கடுதாசி, பழைய பாஸ்போர்ட், கோயில் ரசீது, எது இருந்தாலும் எடுத்து வெளிச்சத்துல வச்சு போட்டோ புடிங்க. எங்க கடுதாசி 1968-ல வந்தது. உள்ள "இவ்விடம் அனைவரும் நலம், அவ்விடம் நலமறிய ஆவல்"னு ஆரம்பிச்சு நாலு வரியிலயே "இந்த வருசமும் மழை மாரி இல்லை"னு வருது. எழுதத் தெரிஞ்ச யாரோ ஒருத்தர உக்கார வச்சு சொல்லச் சொல்ல எழுதினது போல, கையெழுத்து முத்து முத்தா இருக்கு, கீழ பெரிய தாத்தாவோட கைநாட்டு. நமக்கு வேண்டியது பின்பக்கம் இருக்கற அனுப்புநர் முகவரி. ஊர் பேரு, அதுக்கப்புறம் ஒரு போஸ்ட், அப்புறம் "உடையார்பாளையம் டி.கே.", கடைசியா "திருச்சி டி.டி."

டி.கே.ன்னா தாலுகா, தமிழ்ல வட்டம். டி.டி.ன்னா மாவட்டம். நாம எல்லாரும் பண்ற தப்பு என்னன்னா கடைசி வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு நேரா திருச்சிக்குப் போறது. எங்க மாமா ஒருத்தரு 2012-ல டிக்கெட் போட்டு போனாரு, அங்க ஒரு ஆபீஸ்ல ரெண்டு நாள் நடந்தாரு, "இப்படி ஒரு கிராமமே எங்க மாவட்டத்துல இல்லைங்க"ன்னு சொல்லிட்டாங்க, மனசு ஒடிஞ்சு திரும்பி வந்துட்டாரு. அந்த ஆபீஸ்காரங்க பொய் சொல்லல. மாவட்டம் மாறிடுச்சு, அதை எடுத்துச் சொல்லத்தான் ஆளில்ல.

உடையார்பாளையம் எப்படி மாறுச்சுன்னு பாருங்க. வெள்ளைக்காரன் காலத்துலேருந்து திருச்சி மாவட்டம். 1995-ல திருச்சியைப் பிரிச்சு கரூர், பெரம்பலூர்னு புது மாவட்டம் வந்தப்ப இது பெரம்பலூருக்குப் போச்சு. 2001-ல அரியலூர்னு தனி மாவட்டம் ஆச்சு, 2002-ல திரும்ப பெரம்பலூரோட சேத்துட்டாங்க, 2007 நவம்பர்ல மறுபடியும் அரியலூர் தனி மாவட்டம். ஊரு ஒரு அடிகூட நகரல, 12 வருசத்துல நாலு தடவை முகவரி மாறிடுச்சு.

மத்த பக்கத்து ஆளுங்களுக்கும் இதே கதைதான். "வடாற்காடு"ன்னு எழுதியிருந்தா இப்ப அது வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் எதுவா வேணா இருக்கலாம். "தென்னாற்காடு"ன்னா கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி. "சேலம்"னா நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரியையும் பாக்கணும். "தஞ்சாவூர்"னா நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை. நம்ம ஆளுங்க பெரும்பாலும் இந்த அஞ்சாறு பழைய மாவட்டத்துலேருந்துதான் கங்காணி (தோட்டத்துக்கு ஆள் சேக்கறவரு) கூட கப்பல் ஏறி வந்தவங்க, அதனால இந்தப் பட்டியலே நிறைய குடும்பத்துக்குப் போதும். இன்னிக்கு தமிழ்நாட்டுல 38 மாவட்டம்.

ரெண்டாவது: ரெண்டு ஏணி இருக்கறதைப் புரிஞ்சுக்குங்க

இங்க மலேசியாவுல நமக்கு நெகிரி (மாநிலம்), அதுக்குள்ள டேரா (மாவட்டம்), அதுக்குள்ள முக்கிம் (மாவட்டத்தோட சின்னப் பிரிவு), அவ்வளவுதான். அங்க ஒரே ஊருக்கு ரெண்டு விதமான வரிசை உண்டு. வருவாய்த்துறை வரிசை ஒண்ணு: மாவட்டம், கோட்டம், வட்டம், பிர்கா, கடைசில வருவாய் கிராமம், அங்க ஒரு கிராம நிர்வாக அலுவலர் இருப்பாரு, வி.ஏ.ஓ.ன்னு சொல்லுவாங்க, நிலம் பட்டா எல்லாம் இந்த வழிதான். இன்னொண்ணு ஊராட்சி வரிசை: மாவட்டம், ஊராட்சி ஒன்றியம், ஊராட்சி, குக்கிராமம். ரோடு, தண்ணி, தெருவிளக்கு இந்த வழி.

அரியலூர்ல இப்ப வட்டம் 4: அரியலூர், உடையார்பாளையம், செந்துறை, ஆண்டிமடம். ஒன்றியம் 6: அரியலூர், திருமானூர், செந்துறை, ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், தா.பழூர். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சரியா பொருந்தாது, குழப்பிக்காதீங்க.

இந்த எடத்துல ஒரு முக்கியமான விசயம், இது தெரியாமதான் எனக்கு ஆறு மாசம் வீணாச்சு. அப்பாயி வாயில வந்த ஊர் பேரு வருவாய் கிராமப் பட்டியல்லயே இல்ல. ஏன்னா அது குக்கிராமத்தோட பேரு. ஒரு வருவாய் கிராமத்துக்குள்ள நாலஞ்சு குடியிருப்பு இருக்கும், பெரிய ஊர் பேருதான் பட்டியல்ல வரும். தோட்டத்துக்கு வந்தவங்கள்ல நிறைய பேரு சேரியிலேருந்து வந்தவங்க, நிலம் கிடையாது, கூலி வேலை, பஞ்சத்துல கிளம்பினவங்க. அவங்க இருந்த எடத்துக்கு அரசாங்க ஏட்டுல தனி வரியே கிடையாது. அதனால பேரு கிடைக்கலைன்னா அப்பாயி தப்பா சொல்லிட்டாங்கன்னு நினைக்காதீங்க, "அது பக்கத்துல பெரிய ஊரு எது, சந்தைக்கு எங்க போவீங்க, திருவிழாவுக்கு எங்க போவீங்க"ன்னு வீட்டுப் பெரியவங்ககிட்ட கேளுங்க. எங்களுக்கு சின்னத்தை ஒருத்தங்க இங்க கிள்ளான் டவுன்ல இருக்காங்க, அவங்கதான் "ஜெயங்கொண்டம் சந்தை"ன்னு ஒரே வார்த்தை சொன்னாங்க, அங்கேருந்துதான் கதவு தெறந்துச்சு.

மூணாவது: தண்ணியையும் மண்ணையும் வச்சு சரி பாருங்க

ஒரே பேருல பத்து ஊரு இருக்கும் தமிழ்நாட்டுல. புதூர், நல்லூர், மேலூர் எல்லாம் எண்ணி மாளாது. அப்ப எதை வச்சு நம்ம ஊருதான்னு முடிவு பண்றது? நிலத்தை வச்சுதான்.

அரியலூருக்குக் கடல் கிடையாது, மலையும் கிடையாது. தெக்க கொள்ளிடம் ஆறு, அந்தாண்ட கரை தஞ்சாவூர் மாவட்டம். வடக்க வெள்ளாறு, அதுக்கு அந்தப்பக்கம் கடலூர் மாவட்டம். பரப்பளவு 1,949 சதுர கிலோமீட்டர், அதாவது நம்ம மலாக்கா மாநிலத்தைவிட கொஞ்சம் பெருசு, பேராக்கை வச்சு பாத்தா பத்துல ஒரு பங்கு. இந்தச் சின்ன எடத்துக்குள்ளயே மூணு விதமான வாழ்க்கை. கொள்ளிடக் கரையோரம் திருமானூர், தா.பழூர் பக்கம் வயலும் நெல்லும். ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் ஏறினா செம்மண் மேடு, முந்திரித் தோப்பு. அரியலூர் டவுன் பக்கம் சுண்ணாம்புக்கல், அதனாலதான் அங்க அத்தனை சிமெண்ட் ஃபேக்டரி. அந்தக் கல்லு ஏன் அங்க இருக்குன்னா கோடிக்கணக்கான வருசத்துக்கு முந்தி அந்த எடம் கடலா இருந்திருக்கு, இன்னிக்கும் கடல் சிப்பி, நத்தை எல்லாம் கல்லா மாறி மண்ணுக்குள்ள கிடைக்குது.

ராஜேந்திர சோழன் தலைநகரா வச்சிருந்த கங்கைகொண்ட சோழபுரமும் இந்த மாவட்டத்துலதான். அவன் வெட்டின பெரிய ஏரி இன்னும் இருக்கு, இப்ப பொன்னேரின்னு சொல்றாங்க. கடாரத்துக்கு, அதாவது நம்ம கெடாவுக்கு, கப்பல் படை அனுப்பினவன் இவன்தான், அவனோட தலைநகரம் இருந்த ஊரு பக்கத்துலேருந்து எங்க தாத்தா கூலிக்கு வந்திருக்காருன்னு நினைக்கும்போது எனக்கு இன்னும் சிலிர்க்குது.

அப்பாயி எப்பவும் சொல்றது ரெண்டு விசயம்: முந்திரிக்கொட்டை சுட்டா கை எரியும், ஏரிக்கரையில அய்யனார் இருப்பாரு. முந்திரின்னதும் கொள்ளிடக் கரை ஊரெல்லாம் அடிச்சிட்டேன். மிச்சம் இருந்ததை போன்ல சேட்டிலைட் மேப்ல போட்டு ஒவ்வொரு ஊரா ஏரியைப் பாத்தேன். ஒரு விசயம் கவனம், அங்க நம்ம ஊரு மாதிரி வருசம் பூரா மழை கிடையாது, ஐப்பசி கார்த்திகையிலதான் அடைமழை, அதனால மேப்ல ஏரி காஞ்சு போயி வெறும் வளைஞ்ச கரை மட்டும் தெரியும். நீலமா தேடாதீங்க, பிறை மாதிரி வளைஞ்ச கோட்டைத் தேடுங்க.

பின்கோடு இருந்தா இன்னும் சுலபம். ஆனா அது 1972-லதான் வந்துச்சு, அதுக்கு முந்தின கடுதாசியில இருக்காது. எங்க ரெண்டாவது கடுதாசி 1976, அதுல இருந்துச்சு. அரியலூர் 621704, ஜெயங்கொண்டம் 621802. ஆனா கங்கைகொண்ட சோழபுரத்துக்கு 612901, முதல் மூணு எண் கும்பகோணத்தோடது. தபால்காரங்க எல்லை வேற, மாவட்ட எல்லை வேற, அதை வச்சு மட்டும் முடிவு கட்டாதீங்க.

நாலாவது: மக்கள்தொகைக் கணக்கைத் தெறங்க

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இணையதளத்துல ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு கையேடு இலவசமா இருக்கு, எக்செல் ஃபைலும் இருக்கு. கடைசியா எடுத்தது 2011-ல. 2021-ல எடுக்க வேண்டியது தள்ளிப் போயி 2027-ன்னு அறிவிச்சிருக்காங்க, அதுவரைக்கும் 2011 கணக்குதான். அப்ப தமிழ்நாட்டுல 32 மாவட்டம்தான், அதனால கள்ளக்குறிச்சி ஆளுங்க விழுப்புரத்துக்குள்ள தேடணும், மயிலாடுதுறை ஆளுங்க நாகப்பட்டினத்துக்குள்ள.

மொதல்ல கமாவைப் பாருங்க. அங்க 7,54,894-ன்னு போட்டிருந்தா ஏழு லட்சத்து ஐம்பத்தி நாலாயிரத்து சொச்சம், நாம எழுதறது 754,894. அதுதான் 2011-ல அரியலூர் மாவட்டத்தோட மொத்த ஜனம். பரப்பளவால வகுத்தா ஒரு சதுர கிலோமீட்டருக்கு 387 பேரு. நம்ம பேராக்ல 120 பேரு பக்கம்தான். ஆனா இதைப் பாத்துட்டு ஏதோ டவுன் மாதிரி இருக்கும்னு நினைக்கக்கூடாது, நூத்துக்கு 11 பேருதான் டவுன்ல இருக்காங்க, மத்தவங்க எல்லாம் கிராமம்தான்.

அப்புறம் ஆண், பெண். ஆண் 374,703, பெண் 380,191. ஆயிரம் ஆம்பளைக்கு 1,015 பொம்பளைங்க. பாத்ததும் நல்லா இருக்கேன்னு தோணும், எனக்கும் தோணுச்சு. அதே வரியில கொஞ்சம் தள்ளி ஆறு வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்க கணக்கு இருக்கும், அதையும் பாருங்க: ஆண் 42,259, பெண் 37,950. ஆயிரம் பையனுக்கு 900 பொண்ணுகூட இல்ல. இயற்கையா 950 பக்கம் இருக்கணும். வயித்துல இருக்கறது ஆணா பொண்ணான்னு பாத்துச் சொல்றதை 1994-லயே சட்டம் போட்டுத் தடுத்திருக்காங்க, அப்படியிருந்தும் 2011-ல இந்தக் கணக்கு. பெரியவங்கள்ல பொம்பளைங்க கூட இருக்கறதுக்குக் காரணம் அவங்க ஆயுசு கூட, அதோட ஆம்பளைங்க பொழைப்புக்கு வெளியூர் வெளிநாடு போயிடறாங்க, கணக்கெடுக்கும்போது வீட்டுல இல்ல. எங்க தாத்தாவும் அப்படி ஒரு காலத்துல அந்த ஊருக் கணக்குல குறைஞ்ச ஒரு ஆளுதான். அதனால மொத்த எண்ணை மட்டும் பாத்துட்டு ஃபைலை மூடிடாதீங்க, தயவு செஞ்சு பிள்ளைங்க எண்ணையும் பாருங்க.

இப்ப உங்க கிராமத்துக்கு வாங்க. ஒவ்வொரு கிராமத்துக்கும் ஆறு இலக்கத்துல ஒரு குறியீட்டு எண் இருக்கும், கிடைச்சதும் எழுதி வச்சிக்குங்க, பேரு எப்படி எழுதினாலும் எண்ணு மாறாது. இங்கிலீஷ்ல ஸ்பெல்லிங் ரொம்ப மாறும், கீழ, மேல, "ழ" வர்ற ஊரு எல்லாம் ரெண்டு மூணு விதமா அடிச்சுப் பாருங்க. பெரிய ஊரை வடக்கு, தெற்குன்னு ரெண்டு கிராமமா பிரிச்சிருப்பாங்க, ரெண்டையும் கூட்டணும். பரப்பளவு ஹெக்டேர்ல இருக்கும், ஒரு ஹெக்டேர் கிட்டத்தட்ட ரெண்டரை ஏக்கர். தமிழ்ல பேரு பாக்கணும்னா தமிழ்நாடு அரசோட பட்டா பாக்கற இணையதளத்துல மாவட்டம், வட்டம், கிராமம்னு வரிசையா தெறக்கும், அதுல ஒப்பிட்டுப் பாத்துக்கலாம்.

வீடு எத்தனை, பட்டியல் சாதி மக்கள் எத்தனை, படிச்சவங்க எத்தனை, சொந்தமா விவசாயம் பண்றவங்க எத்தனை, விவசாயக் கூலி எத்தனைன்னு தனித்தனி கட்டம் இருக்கும். கடைசி ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. கூலி எண்ணு விவசாயி எண்ணைவிட ரொம்பப் பெருசா இருந்தா அந்த ஊருல நிலம் கொஞ்ச பேரு கையிலதான் இருக்குன்னு புரியும், நம்ம ஆளுங்க ஏன் ஏறுனாங்கன்னும் புரியும். படிச்சவங்க சதவீதம் போடும்போது ஆறு வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்களைக் கழிச்சிட்டு வகுக்கணும், இல்லன்னா கணக்கு குறைச்சலா காட்டும்.

அஞ்சாவது: ஒரு தாள்ல எழுதி வச்சிக்குங்க

நேர்ல போறவங்களுக்கு இது. ஒரே தாள்ல தமிழ்ல பெரிய எழுத்துல எழுதுங்க: குக்கிராமம் பேரு, வருவாய் கிராமம், வட்டம், இப்போதைய மாவட்டம், பழைய மாவட்டம், கிட்டத்துல உள்ள சந்தை டவுன், ஏரி பேரு, குலசாமி பேரு, கப்பல் ஏறினவரோட பேரும் அவங்க அப்பா பேரும். போன்ல மட்டும் வச்சிருந்தா பத்தாது, ஊருல பெரியவங்ககிட்ட தாளை நீட்டினாதான் கண்ணாடி போட்டுக்கிட்டு நிதானமா படிப்பாங்க. திருச்சி ஏர்போர்ட்ல இறங்கினதும் அரியலூர் பஸ்ஸோ ஜெயங்கொண்டம் பஸ்ஸோ பிடிச்சிடுங்க, திருச்சி ஆபீசுக்கெல்லாம் போக வேணாம். ஊருக்குப் போனதும் முதல்ல டீக்கடையில உக்காருங்க, அப்புறம் வி.ஏ.ஓ. ஆபீஸ்.

எங்க தாள் ரெடியா இருக்கு. மாமாவுக்கு இப்ப 71 வயசு. பொங்கல் கழிச்சு டிக்கெட் போட்டிருக்கோம், இந்தத் தடவை அவரு கையிலதான் அந்தத் தாள் இருக்கும். உங்க கடுதாசியில வட்டம் பேரு சரியா படிக்க முடியலைன்னா போட்டோவை எனக்கு அனுப்புங்க, சேந்து உக்காந்து படிச்சுப் பாக்கலாம்.