‘3500 ஸ்பீடு’ நம்ம லேப்டாப்பில் வருதா? எஸ்எஸ்டியை வீட்டிலேயே அளந்து பார்க்கும் முறை

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கமோ வண்ணார்பேட்டைப் பக்கமோ எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்பு டிரைவ்) கேட்டுப் போனால், “3500 ஸ்பீடு அண்ணாச்சி, கண்ண மூடிக்கிட்டு வாங்குங்க” என்பார்கள். வாங்குங்கள், ஆனால் கண்ணை மூட வேண்டாம். நொடிக்கு 3500 எம்பி என்ற அந்த எண் எந்த வேலைக்கான வேகம், நம் லேப்டாப்பில் அது வருமா, வந்தாலும் நமக்கு அதனால் என்ன பயன் என்பதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்தே பார்த்துவிடலாம். இரண்டு இலவச மென்பொருள் போதும். விண்டோஸை வைத்தே சொல்கிறேன். லினக்ஸ்காரர்களுக்கு உபுண்டுவின் ‘டிஸ்க்ஸ்’ செயலியிலேயே பெஞ்ச்மார்க் (வேகச் சோதனை) இருக்கிறது. அதில் எழுதும் சோதனையை மட்டும் டிக் எடுத்துவிட்டு ஓட்டுங்கள்.

1. உள்ளே இருப்பது என்ன?

உச்சவரம்பு தெரியாமல் அளந்தால், வந்த எண் நல்லதா கெட்டதா என்றே சொல்ல முடியாது. அதனால் முதலில் ‘கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ இறக்கித் திறங்கள். டிரைவின் பெயர், ஆரோக்கியம், வெப்பநிலை எல்லாம் அதில் தெரியும். நமக்கு வேண்டியது ‘டிரான்ஸ்ஃபர் மோடு’ என்ற வரி.

அதில் நடுவே கோடு போட்டு இரண்டு விவரம் இருக்கும். இடப்பக்கம் இப்போது ஓடும் வேகம், வலப்பக்கம் டிரைவால் முடிந்த வேகம். சாட்டா என்பது டிரைவைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பழைய வழி. ‘சாட்டா 300 | சாட்டா 600’ என்று இருந்தால் டிரைவ் நன்றாகத்தான் இருக்கிறது, லேப்டாப்தான் பழசு. பாதி வேகத்துக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். இரண்டு பக்கமும் 600 என்றால் எழுத்தளவில் நொடிக்கு 600 எம்பி, கையில் கிடைப்பது 550 எம்பி வரை. பள்ளியில் கொடுத்த பழைய விலையில்லா மடிக்கணினியில் ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு இரண்டரை இன்ச் எஸ்எஸ்டி போட்டவர்களுக்கு இதுதான் எல்லை. எந்தக் கம்பெனி டிரைவாக இருந்தாலும் அதைத் தாண்டாது.

பிசிஐஇ என்று தெரிந்தால் உங்களுடையது என்விஎம்இ வகை, அதாவது சாட்டாவைவிட வேகமான இணைப்பில் ஓடும் எஸ்எஸ்டி. பிசிஐஇ தலைமுறை 3.0, தரவு போக நாலு பாதை என்றால் சுமார் 3500 எம்பி. 4.0 என்றால் 7000 சொச்சம். 5.0 டிரைவுகள் 14000 வரை போகின்றன. 3.0 டிரைவை இரண்டு பாதை மட்டுமே உள்ள ஸ்லாட்டில் மாட்டினால் வேகம் பாதியாகிவிடும். விலை குறைந்த லேப்டாப்களில் இப்படி இருப்பது உண்டு. சூயிங்கம் பட்டை வடிவில் இருப்பதெல்லாம் என்விஎம்இ என்று நினைத்துவிடாதீர்கள். அந்த எம்.2 வடிவத்திலேயே சாட்டா டிரைவும் வருகிறது.

2. அளப்பதற்கு முன்

லேப்டாப்பில் சார்ஜரைச் செருகுங்கள். பேட்டரியில் ஓடும்போது பல லேப்டாப்கள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிரவுசரை மூடுங்கள். விண்டோஸ் அப்டேட் ஓடிக்கொண்டிருந்தால் முடியட்டும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் டிஸ்க் பயன்பாடு பூஜ்யத்தை ஒட்டி இறங்கியபின் ஆரம்பிக்கலாம்.

3. ஓட்டுவது

‘கிரிஸ்டல் டிஸ்க் மார்க்’ என்பதை அதன் சொந்தத் தளத்திலிருந்தோ மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்தோ மட்டும் எடுங்கள். தேடினால் முதலில் வந்து விழும் கண்ட தளத்திலிருந்து எடுத்தால் கூடவே நாலு வேண்டாத மென்பொருளும் வந்து உட்காரும். எழுதியவர் ஜப்பான்காரர். கார்ட்டூன் பெண் படம் போட்ட பதிப்பும் உண்டு, அதைப் பார்த்துப் போலி என்று பயப்பட வேண்டாம். வேலை ஒன்றுதான்.

மேலே 5 என்றும் 1 ஜிபி என்றும் இருக்கும். ஒவ்வொரு சோதனையும் ஐந்து முறை, ஒரு ஜிபி கோப்பை வைத்து என்று அர்த்தம். அப்படியே விடுங்கள். பக்கத்தில் எந்த டிரைவ் என்று தேர்ந்தெடுத்து, பச்சை நிற ‘ஆல்’ பொத்தானை அழுத்திவிட்டு ஒரு காப்பி குடித்துவிட்டு வாருங்கள். இடையில் மவுஸைக்கூடத் தொடாதீர்கள்.

விளையாட்டுக்காக இதைத் தினமும் ஓட்டாதீர்கள். வேகமான டிரைவில் ஒரு முழுச் சுற்றிலேயே பல பத்து ஜிபி எழுதப்பட்டுவிடும். 500 ஜிபி டிரைவுக்குக் கம்பெனிகள் பொதுவாக 150 முதல் 300 டிபி வரை எழுதுவதற்கு உத்தரவாதம் தருகின்றன. ஒன்றிரண்டு முறை ஓட்டினால் அதில் ஒன்றும் குறைந்துவிடாது, ஆனால் வீணடிப்பானேன்?

4. எண்களை எப்படிப் படிப்பது

நாலு வரி வரும். இடப்பக்க எண் படிப்பது, வலப்பக்கம் எழுதுவது.

முதல் வரிதான் கடைக்காரர் சொன்ன எண். பெரிய கோப்பு ஒன்றை வரிசையாக, பல கோரிக்கைகளை ஒரே நேரத்தில் கொடுத்துப் படிக்கும் வேகம் அது. புது பஸ் ஸ்டாண்டில் ஏறினால் நேரே மதுரை மாட்டுத்தாவணியில் இறக்கிவிடும் ஒன் டு ஒன் பஸ் போல. கடைசி வரியோ ஸ்டாப்புக்கு ஸ்டாப் நின்று போகும் டவுன் பஸ். நாலு கேபி நாலு கேபியாக, எங்கெங்கோ சிதறிக் கிடப்பதை, ஒன்று முடிந்தபின் அடுத்தது என்று எடுக்கும். விண்டோஸ் திறப்பது, டாலி திறப்பது, பிரவுசரில் டேப் மாற்றுவது போன்ற அன்றாட வேலைகளில் பெரும்பகுதி இந்தக் கடைசி வரியை ஒட்டித்தான் நடக்கிறது. நடுவில் உள்ள இரண்டு வரிகளை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

கடைசி வரியின் படிக்கும் எண்ணைப் பாருங்கள். ஹார்ட் டிஸ்கில் அது ஒரு எம்பியைக்கூட எட்டாது. சாட்டா எஸ்எஸ்டியில் 25 முதல் 40 எம்பி வரை. நல்ல என்விஎம்இயில் 50 முதல் 90 எம்பி வரை. முதல் வரியில் 3500, கடைசி வரியில் வெறும் 60 வந்ததைப் பார்த்து டிரைவ் கெட்டுவிட்டது என்று கடைக்கு ஓடாதீர்கள், அது சரியான எண்தான். எழுதும் எண் படிப்பதைவிடக் கூடுதலாக இருப்பதும் சகஜம். வந்ததைத் தற்காலிகமாக வாங்கி வைத்துக்கொண்டு டிரைவ் ‘ஆச்சு’ என்று சொல்லிவிடும், படிக்கும்போது அப்படிச் சமாளிக்க முடியாது.

ஹார்ட் டிஸ்கிலிருந்து சாட்டாவுக்கு மாறினால் இந்த வரி முப்பது மடங்குக்கு மேல் ஏறுகிறது. அங்கிருந்து என்விஎம்இக்குப் போனால் இரண்டு மடங்குதான். அம்பாசமுத்திரத்தில் ஜெராக்ஸ் கடையும் ஆன்லைன் விண்ணப்ப வேலையும் வைத்திருப்பவர், பழைய கம்ப்யூட்டருக்கு ஒரு சாதாரண சாட்டா எஸ்எஸ்டி போட்டாலே போதும். 7000 எம்பி டிரைவுக்காகப் புது போர்டு வாங்குவது, என்னைக் கேட்டால், காசைத் தாமிரபரணியில் போடுவதுதான்.

5. கல்யாண வீடியோக்காரர்களுக்கு இன்னொரு சோதனை

ஸ்டுடியோ வைத்திருப்பவர்களுக்குக் கணக்கே வேறு. ஆவணி முகூர்த்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு நூறு இருநூறு ஜிபி சேர்ந்துவிடும். ஒரு ஜிபி கோப்பை வைத்து நடக்கும் சோதனை இவர்களுக்கு உண்மையைச் சொல்லாது.

காரணம் இதுதான். இன்றைய டிரைவுகளில் ஒரு செல்லுக்குள் மூன்று அல்லது நாலு பிட் அடைக்கிறார்கள். அப்படி அடைப்பது மெதுவான வேலை. அதனால் காலியாக உள்ள செல்களில் முதலில் ஒரு பிட் மட்டும் வேகமாக எழுதிவிட்டு, ஓய்வு நேரத்தில் ஒழுங்குபடுத்திக்கொள்ளும். அந்த இடம் நிரம்பியதும் வேகம் சரிந்துவிடும். நாலு பிட் அடைக்கும் க்யூஎல்சி வகை மலிவு டிரைவுகளில் சில 100 எம்பிக்கும் கீழே போய்விடும். பழைய ஹார்ட் டிஸ்கே தேவலை என்று ஆகிவிடும்.

சோதிப்பது எளிது. 100 ஜிபிக்குக் குறையாத ஒரு வீடியோ ஃபோல்டரைப் புது டிரைவுக்குக் காப்பி செய்யுங்கள். காப்பி ஓடும் பெட்டியில் ‘மோர் டீடெய்ல்ஸ்’ அழுத்தினால் வரைபடம் தெரியும். ஆரம்பத்தில் எகிறுவது ராம் காட்டும் வித்தை, அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். போகப் போக எந்த இடத்தில் சரிகிறது, சரிந்தபின் எந்த எண்ணில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். காப்பி எடுக்கும் மூலமும் வேகமான எஸ்எஸ்டியாக இருக்க வேண்டும். பென் டிரைவிலிருந்து காப்பி செய்தால் பென் டிரைவைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள்.

டிரைவ் நிறைய நிறைய அந்த வேகமான இடமும் சுருங்கும். எப்போதும் ஐந்தில் ஒரு பங்கைக் காலியாக விட்டு வையுங்கள்.

6. எண் குறைந்தால்

நம்மூரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது சூட்டை. சித்திரை வெயிலில் பாளையங்கோட்டை மாடி வீட்டில் மத்தியானம் மெத்தைமேல் லேப்டாப்பை வைத்து அளந்தால், என்விஎம்இ டிரைவ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். பல டிரைவுகளில் இது 70, 80 டிகிரி வாக்கில் தொடங்கும். சோதனை ஓடும்போதே டிஸ்க் இன்ஃபோவைத் திறந்து வைத்து வெப்பநிலையைப் பாருங்கள். காலையில் ஃபேனுக்கடியில், மேசைமேல் வைத்து மறுபடி அளந்தால் எண் ஏறுகிறதா? ஏறினால் குற்றவாளி கிடைத்துவிட்டான்.

வெளியே மாட்டும் எஸ்எஸ்டியில் 40 எம்பி வாக்கில் நின்றுவிட்டால், யுஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகியிருக்கிறீர்கள், அல்லது கேபிள் யுஎஸ்பி 2.0 வேகத்துக்கு மட்டுமே லாயக்கானது. பழைய மேசைக் கணினியில் சாட்டா டிரைவ் மந்தமாக இருந்தால் பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புத் திரை) டிரைவ் இயங்கும் முறை ஐடிஇ என்று இருப்பது புதிய முறையான ஏஹெச்சிஐ ஆக வேண்டும். ஆனால் விண்டோஸ் போட்டபின் சட்டென்று மாற்றினால் கம்ப்யூட்டர் திறக்காமல் போகலாம், தெரிந்தவரிடம் கொடுங்கள்.

ஆன்லைனில் நம்ப முடியாத விலைக்கு 2 டிபி வாங்கியவர்கள் வேகத்தை விடுங்கள், முதலில் கொள்ளளவைச் சோதியுங்கள். ‘ஹெச்2டெஸ்ட்டபிள்யூ’ என்ற இலவச மென்பொருள் காலி இடம் முழுவதும் எழுதி, திரும்பப் படித்துச் சரிபார்க்கும். போலி என்றால் தவறு காட்டும். மணிக்கணக்கில் ஓடும் என்பதால் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாளில் ஆரம்பிக்காதீர்கள்.

7. முடிவைச் சேமிக்க

டிஸ்க் மார்க்கில் முடிவை எழுத்தாகக் காப்பி செய்யும் வசதி மெனுவிலேயே உண்டு. தேதியும் சேர்ந்தே வரும். டிரைவ் எவ்வளவு நிறைந்திருந்தது, வெப்பநிலை எவ்வளவு என்ற இரண்டையும் கீழே நீங்களே எழுதி, வேறொரு இடத்தில் வையுங்கள். வாரண்டிக்குப் போகும்போது “அது அப்படித்தான் தம்பி இருக்கும்” என்று கடைக்காரர் இழுத்தால், வாங்கிய அன்றைய தாளையும் இன்றைய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசலாம்.