‘எதுவரை?’ என்ற கட்டம்

26 வார மகப்பேறு விடுப்பு முடிந்து, 2023-இல் சேலம் ஐந்து ரோடு அருகே உள்ள அலுவலகத்தில் மீண்டும் சேர்ந்தேன். வீடு ஏற்காட்டில், நடுவே 20 கொண்டை ஊசி வளைவுகள். மாலையில் சற்று முன்னதாகக் கிளம்ப அனுமதி கேட்ட விண்ணப்பம் மூன்று முறை திரும்பியது. மருத்துவச் சான்று இணைத்தேன், மேலாளரை நேரில் பார்த்தேன். பஸ் நேரப் பட்டியலைக்கூட ஒட்டினேன், அசட்டுத்தனம்தான்.

கணக்குப் பிரிவு அக்காதான் கண்டுபிடித்தார். ‘எதுவரை?’ என்ற கட்டத்தில் ‘குழந்தை வளரும்வரை’ என்று எழுதியிருந்தேன்! அப்போது நடைமுறையில் இருந்த மகப்பேறு நலச் சட்டம், 1961-இன் 11-ஆம் பிரிவு, குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் தந்தது. பிறப்புச் சான்றிதழைப் பார்த்து அந்த நாளைக் கணக்கிட்டு எழுதினேன். இரண்டு இடைவேளைகளையும் சேர்த்து மாலையில் கேட்டேன். மறுநாளே கையெழுத்தாகிவிட்டது. அன்று பஸ்ஸில் ஜன்னல் ஓர இருக்கையும் கிடைத்தது.