முட்டையிடும் ஏஞ்சல் ஜோடியின் தொட்டியில் யாரை விடலாம்?

கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் அலங்கார மீனான ஏஞ்சல், தன் முட்டைகளைக் கண்ணால் காவல் காக்கும் மீன். முட்டையிட்ட ஜோடி பகல் முழுவதும் மார்புத் துடுப்புகளால் முட்டைகளுக்கு நீரை விசிறிக்கொண்டும், வெளுத்துப்போன முட்டைகளை வாயால் பொறுக்கிக்கொண்டும், கிட்டே வருவதையெல்லாம் விரட்டிக்கொண்டும் நிற்கும். விளக்கு அணைந்துவிட்டால் அதற்கு ஒன்றும் தெரியாது. ஆகவே துணை மீனைத் தேர்ந்தெடுக்கும்போது, அது பகலில் எவ்வளவு சாது என்பதைவிட இருட்டில் என்ன செய்யும் என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

இதை முட்டைகளைப் பறிகொடுத்துத்தான் நான் கற்றுக்கொண்டேன். கடற்கரை ஊரான கீழக்கரையில் எங்கள் வீட்டுத் தொட்டியில், சாய்த்து வைத்திருந்த டைல்ஸ் துண்டின் மீது வரிசை வரிசையாக முட்டைகள் ஒட்டியிருந்தன. அன்றிரவு மின்சாரம் நின்றுபோனது. விடிந்து பார்த்தபோது, பாசியைச் சுத்தம் செய்யும் என்று கடையில் சொல்லிக் கொடுத்த சக்கர் மீன் அந்த டைல்ஸ் மீது வாயைப் பதித்துக் கிடந்தது. ஒரு முட்டைகூட மிஞ்சவில்லை. சக்கர் இரவில் மேயும் மீன்; வளர்ந்த பிறகு ஏஞ்சலின் தட்டையான உடம்பில் ஒட்டிக்கொண்டு அதன் மேல்வழவழப்பையும் உறிஞ்சும். தொட்டியின் அடியில் மேயும் சிறு கெளுத்தி வகையான கோரிடோராஸ் யார் வம்புக்கும் போகாத மீன்தான் என்றாலும், மீசையால் தடவி இரை தேடுவதால் இருட்டு அதற்குத் தடையே இல்லை. இனப்பெருக்கத் தொட்டியில் இவை இரண்டும் வேண்டாம். தொட்டிக்கு வெளியே மங்கலான ஒரு சிறு விளக்கை இரவு முழுவதும் எரியவிடுவதும், மின்தடைக்கு பேட்டரி விளக்கு ஒன்றை வைத்திருப்பதும் நல்லது.

அப்படியானால் துணையே வேண்டாமா என்றால், முட்டையும் குஞ்சும் இருக்கும் நாட்களில் வேண்டாம் என்பதே என் முடிவு. ஆனால் அதற்கு முந்தைய காலத்தில் துணைக்கு ஒரு வேலை இருக்கிறது. ஏஞ்சலில் ஆண் பெண் பார்த்து வாங்குவது கடினம் என்பதால், ஆறு குட்டிகளை ஒன்றாக வளர்த்து, எட்டு முதல் பத்து மாதங்களில் அவை தாமாகவே ஜோடி சேரும்வரை காத்திருக்கிறோம். ஜோடி சேர்ந்ததும் மற்ற ஏஞ்சல்களை அப்புறப்படுத்தினால், விரட்டுவதற்கு வேறு ஆளில்லாமல் ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று கடிப்பதுண்டு. மூன்றடித் தொட்டியில், கூட்டமாக நீந்தும் சிறு மீன்களான லெமன் டெட்ராவோ ரம்மிநோஸ் டெட்ராவோ ஆறேழு நீந்தினால், அந்தச் சண்டை அவற்றின் பக்கம் திரும்பி, ஜோடி ஒன்றுபட்டு நிற்கும். நியான் டெட்ரா வேண்டாம். அதன் மெல்லிய உடம்பு வளர்ந்த ஏஞ்சலின் வாய்க்கு இரையாகிவிடும். செர்ரி இறாலுக்கும் அதே கதிதான். டைகர் பார்பும் செர்பே டெட்ராவும் ஏஞ்சலின் நீண்ட துடுப்புகளைக் கடித்துக் கந்தலாக்கும்.

நம் கரையில் இதைவிட முக்கியமான கேள்வி தண்ணீர். ஏஞ்சலின் பூர்வீகம் அமேசான் ஆற்றின் மென்மையான, சற்றே அமிலத்தன்மையுள்ள நீர். நம் ஆழ்துளைக் கிணறுகளில் வருவதோ பெரும்பாலும் உவர்ப்பும் கடினமும் கொண்ட நீர். அந்த நீரில் மோலியும் கப்பியும் நன்றாகச் செழிக்கும் என்பதாலேயே கடைகளில் அவற்றைத் துணையாகச் சொல்கிறார்கள். வளர்ந்த ஏஞ்சல் அந்த நீரைத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் பொரிக்கும் முட்டைகளின் எண்ணிக்கை குறைந்துவிடும். மோலிக்காக நீரைக் கடினமாக வைத்திருப்பதைவிட, ஏஞ்சல் விரும்பும் நீரையே விரும்பும் டெட்ராவைத் தேர்ந்தெடுப்பது அறிவுடைமை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மாடித் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளலாம். கடற்காற்று கொண்டுவந்த உப்பு தளத்தில் படிந்திருக்கும் என்பதால் முதல் மழையை ஓடவிட்டுவிட வேண்டும். மழைநீரை மட்டும் ஊற்றினால் அமிலத்தன்மை சட்டென்று ஏறக்கூடும் என்பதால், சிறிது கிணற்று நீரைக் கலப்பது அவசியம்.

பிள்ளைகள் ஊருணியிலிருந்து பிடித்துவரும் மீன்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொசுவை ஒழிக்க விட்ட கம்பூசியா சின்னதாக இருந்தாலும் துடுப்பைக் கடிக்கும். ஜிலேபிக் கெண்டை ஏஞ்சலின் குடும்பத்தையே சேர்ந்தது. குஞ்சைக் காப்பதிலும் அதே அக்கறை கொண்டது. ஆனால் அது வேகமாகப் பெருத்து, தொட்டி முழுவதையும் தன் எல்லையாக்கிக்கொள்ளும்.

டெட்ராக்களை எப்போது எடுப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். முட்டைகளைப் பார்த்த பிறகு தொட்டிக்குள் வலையைப் போட்டால், மிரண்ட ஜோடி தன் முட்டைகளைத் தானே தின்றுவிடும். ஆகவே ஜோடி டைல்ஸ் துண்டை மாறி மாறி வாயால் கொத்திச் சுத்தம் செய்யத் தொடங்கி, அவற்றின் வயிற்றுக்குக் கீழே முட்டையிடும் சிறு குழல் தெரிந்த அன்றே டெட்ராக்களை வேறு தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும். 28 டிகிரி வெப்பத்தில் முட்டைகள் ஏறத்தாழ இரண்டரை நாளில் பொரியும். குஞ்சுகள் நீந்தத் தொடங்க அதன் பிறகு மேலும் ஐந்தாறு நாட்கள் ஆகும். குஞ்சுகளைப் பிரித்தெடுத்து, ஜோடி மறுபடி ஒன்றையொன்று விரட்டத் தொடங்கும்போது டெட்ராக்களைத் திரும்ப விடலாம்.