பழைய டிராக்டர் புகை தள்ளினால்: எஞ்சினைப் பிரிக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு இழுக்கவும், வீராணம் பாசனத்தில் சம்பா நடவுக்குச் சேறடிக்கவும், பல ஊர்களில் இன்றும் பழைய டிராக்டர்களையே நம்பியிருக்கிறார்கள். அப்படி ஒரு வண்டி புகை தள்ளத் தொடங்கியதும், நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு, "ரிங் (பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம்) போய்விட்டது, எஞ்சினை இறக்கிவிடலாம்" என்று பட்டறை வாசலிலேயே முடிவு செய்துவிடுவதுண்டு. கருப்புப் புகை என்றால் டீசல் முழுதாக எரியவில்லை, நீலம் என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது, வெள்ளை என்றால் எரியாத டீசலோ நீராவியோ வெளியேறுகிறது என்னும் பாடம் சரியானதே. ஆனால் காரணத்தைப் பிடிக்க அது போதாது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் மட்டும் வருகிறதா, சுமை ஏறும்போது வருகிறதா, சும்மா நிறுத்தி ஓடவிட்டாலும் வருகிறதா என்பதைக் கவனித்துக் குறித்துக்கொள்ளாமல் ஸ்பேனரைக் கையில் எடுப்பதே முதல் தவறு.

கருப்புப் புகையில் நடக்கும் தவறுதான் அதிகச் செலவு வைக்கிறது. ரோட்டவேட்டர் போட்டால் வண்டி திணறுகிறது என்று, எஞ்சினுக்கு டீசலை அளந்து அனுப்பும் பம்பின் சீல் கம்பியை அறுத்து, டீசல் அளவு ஸ்க்ரூவைத் திருகிக் கூட்டிவிடுகிறார்கள். சில நாள் இழுவை கூடியதுபோலத் தோன்றும். அதன்பின் கரும்புகையும், ஏறும் டீசல் செலவும், அளவுக்கு மீறிச் சூடேறும் பிஸ்டனும்தான் மிச்சம். பம்பைத் தொடுவதற்கு முன் பார்க்க வேண்டியது காற்று வரும் வழி. பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண் காட்டில் உழுதுவிட்டு வரும் வண்டியில், காற்றை வடிகட்டும் ஏர் கிளீனரின் ஆயில் கிண்ணத்தைக் கழற்றினால், ஆயிலுக்கு அடியில் களிம்புபோல மண் படிந்திருக்கும். அது தடித்துவிட்டால் எஞ்சினுக்குப் போதிய காற்று கிடைக்காது. கிண்ணத்தைக் கழுவுவதோடு நின்றுவிடாமல், ஏர் கிளீனரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாயையும் வளைத்துப் பார்க்க வேண்டும். அதில் ஒரு மயிரிழை வெடிப்பு இருந்தாலும் வடிகட்டாத மண் நேராக சிலிண்டருக்குள் போய், அதன் உள்சுவரான லைனரையும் ரிங்கையும் தேய்த்துவிடும். காற்றுவழி சரியாக இருந்தும் புகை குறையாவிட்டால், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றிச் சோதனை மேடையில் வைத்துப் பார்க்கலாம். பீய்ச்சி அடிக்காமல் சொட்டும் நாசில் கருப்புக்கும் காரணமாகும், வெள்ளைக்கும் காரணமாகும். ஆழச் சேற்றில் கேஜ் வீலோடு (சேற்றுக்குப் பூட்டும் இரும்புச் சக்கரம்) திரும்பும்போது ஒரு கணம் கருப்பாகத் தள்ளித் தெளிந்துவிட்டால், பழைய எஞ்சினில் அதை நோய் என்று கொள்ள வேண்டியதில்லை.

காலை வெள்ளைப் புகைக்குப் பலரும் சொல்லும் சமாதானம் "பனி" என்பது. கடலூர், புதுச்சேரி கடற்கரைப் பக்கம் மார்கழி விடியலிலும் வெப்பம் பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. அந்தக் குளிருக்கு நல்ல எஞ்சின் சில நிமிடங்களில் தெளிந்துவிட வேண்டும். நெடுநேரம் வெள்ளையாகவே தள்ளி, கண்ணைக் கரிக்கும் டீசல் வாடையும் அடித்தால், நாசிலோ, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படுவது) குறைவோ, பம்ப் டீசல் அனுப்பும் நேரம் தாமதமாவதோ காரணமாக இருக்கலாம். வாடையே இல்லாமல் காற்றில் சட்டென்று கரைந்துவிட்டால் அது நீராவி. அதைக் கண்டவுடன் ஹெட் கேஸ்கட் (எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது என்று முடிவு கட்டுவதும் அவசரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெட்டவெளியில் நின்ற வண்டியின் நிமிர்ந்த சைலன்சருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கலாம். அதன் வாயில் பழைய டப்பாவைக் கவிழ்த்து வைக்கும் ஊர் வழக்கம் நல்ல வழக்கம். நிறையத் தண்ணீர் இறங்கிவிட்டது என்று சந்தேகம் இருந்தால் செல்ஃப் அடிக்கவே கூடாது, ஏனெனில் திறந்திருக்கும் வால்வு வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கேஸ்கட்டைச் சோதிக்க வேண்டுமானால், எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து, பிறகு ஸ்டார்ட் செய்து, குமிழிகள் தொடர்ந்து எழுகின்றனவா என்று பார்க்கலாம். சூடான எஞ்சினில் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். டீசலில் தண்ணீர் கலந்திருந்தாலும் எஞ்சின் விட்டுவிட்டு ஓடி வெள்ளையாகத் தள்ளும். டேங்கைப் பாதி காலியாக இரவெல்லாம் விட்டுவைப்பது ஈரப்பதம் மிகுந்த இந்தப் பகுதியில் அதற்கு வழி செய்கிறது.

நீலப் புகை வந்தால் ரிங்கைக் குற்றம் சாட்டுவதற்கு முன் ஆயில் கேஜை உருவிப் பார்க்க வேண்டும். வரப்புச் சரிவில் நிறுத்திவிட்டோ, எஞ்சினை அணைத்த கையோடோ பார்த்தால் அளவு தவறாகக் காட்டும். சமதளத்தில் நிறுத்திப் பத்து நிமிடம் பொறுத்துப் பார்ப்பதே முறை. ஊற்றாமலேயே ஆயில் மட்டம் ஏறியிருந்து, தொட்டால் நீர்த்து, முகர்ந்தால் டீசல் வாடை அடித்தால், டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்பின் டயாஃப்ரம் (உள்ளிருக்கும் சவ்வு) கிழிந்து டீசல் ஆயிலில் இறங்குகிறது என்று சந்தேகிக்கலாம். அந்த நிலையில் வண்டியை ஓட்டுவது பேரிங்குகளைக் காவு கொடுப்பதுதான். ஏர் கிளீனர் கிண்ணத்தில் கோட்டுக்கு மேல் ஆயில் ஊற்றியிருந்தாலும் அது உறிஞ்சப்பட்டு நீலமாகவே வெளிவரும். இவையெல்லாம் சரியாக இருந்து, சுமையில் புகை கூடி, ஆயில் ஊற்றும் வாயைத் திறந்தால் காற்று குபுகுபுவென்று அடித்தால்தான் ரிங், லைனர் பேச்சுக்கு இடம் உண்டு. இரவு நின்ற பிறகு முதல் ஸ்டார்ட்டில் மட்டும் நீலமாகத் தள்ளிப் பிறகு அடங்கிவிட்டால் வால்வு கைடைப் (வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழல்) பார்ப்பது நல்லது. அதற்கு ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும்.

எந்த சிலிண்டரில் கோளாறு என்று கண்டுபிடிக்க, எஞ்சின் மெதுவாக ஓடும்போது நாசில் குழாயின் நட்டுகளை ஒவ்வொன்றாகச் சற்றே தளர்த்திப் பார்ப்பது பழைய மெக்கானிக்குகளின் முறை. எந்த நட்டைத் தளர்த்தினால் ஓட்டத்தில் மாற்றமே தெரியவில்லையோ, அந்த சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. இதை வெறுங்கையால் செய்வது பெரிய தவறு: அழுத்தத்தில் பாயும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், காயம் ஊசி குத்தியதுபோல் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ரிங் மாற்றியே ஆக வேண்டும் என்றால், லைனரை அளக்காமல் புது ரிங்கை மட்டும் போட ஒப்புக்கொள்ளக் கூடாது. நீள்வட்டமாகத் தேய்ந்த லைனரில் புது ரிங் சரியாக அமராது, பணம் கொடுத்த சில மாதங்களிலேயே நீலம் திரும்பிவிடும். வேலை முடிந்து வந்த எஞ்சினை மணிக்கணக்கில் சும்மா ஓடவிடுவதும், மறுநாளே கரும்பு டிரெய்லரில் பூட்டுவதும் இரண்டுமே கெடுதல். மிதமான சுமையில் உழவோட்டி, முதல் 50 மணி நேரம் ஓடியதும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட வேண்டும்.